முன் இடது சக்கரம்

பிரேக்கைத்தான் மிதித்தேன். கார் நிற்கவில்லை. இந்த இரண்டு வாக்கியங்களை அந்த மாதம் எத்தனை பேரிடம் சொன்னேனோ தெரியாது. கேட்டவர்கள் எல்லாரும் பொறுமையாகத் தலையை ஆட்டினார்கள். இரண்டாவது வாக்கியத்தை நம்பினார்கள். முதல் வாக்கியத்தை ஒருவரும் நம்பவில்லை.

நான் சித்தேரி மலையில் ஒரு தொடக்கப் பள்ளியில் ஆசிரியை. வீடு கீழே பாப்பிரெட்டிப்பட்டியில். நாற்பத்தைந்து வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டு, முதல் தடவையே லைசென்ஸும் வாங்கி, யாரோ ஓட்டித் தள்ளிய ஒரு பழைய காரை வாங்கினேன். பஸ்ஸை நம்பினால் விடியுமுன் கிளம்பி விளக்கு வைத்த பிறகு வீடு வந்து சேர வேண்டும். கார் வந்த பிறகு ஒரு நாளில் மூன்று மணி நேரம் எனக்கே எனக்கென்று கிடைத்தது. என் வீட்டுக்காரருக்குக் கார் ஓட்டத் தெரியாது. பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு, அங்கே இல்லாத பிரேக்கை மலை முழுக்க மிதித்துக்கொண்டே வருவார். நான் ஓட்டுவது அவருக்குப் பிடிக்கவில்லை என்று சொல்ல முடியாது. பயம். அந்தப் பயத்தை அதட்டலாகத்தான் வெளியே விடத் தெரியும் அவருக்கு.

தை பிறந்து கொள்ளு பிடுங்கத் தொடங்கிவிட்டால் எங்கள் பக்கத்துத் தார் ரோடெல்லாம் களமாகிவிடும். காய்ந்த கொள்ளுக்கொடியை ரோட்டில் முழங்கால் உயரத்துக்குப் பரப்பி வைப்பார்கள். போகிற வருகிற வண்டிகள் ஏறி ஏறி நெற்று வெடிக்கும், கொள்ளு உதிரும், பிறகு கொடியை உதறி ஒதுக்கிவிட்டுக் கூட்டி அள்ளுவார்கள். கூடாதென்று எல்லாருக்கும் தெரியும். டூ வீலர்காரர்கள் சறுக்கி விழுவார்கள், அதுவும் தெரியும். ஆனால் அறுவடை நேரத்தில் ஆள் கிடைப்பதில்லை, ரோடு கிடைக்கிறது.

மலை இறங்கியதும் வருகிற நேர் ரோட்டை ஒட்டி ஒரு அக்காவின் கொள்ளுக் காடு இருக்கிறது. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். கார் வாங்கிய முதல் வருடமே அவர் என்னைக் கைகாட்டி நிறுத்தினார்.

“டிராக்டர் ஏத்துனா பாதி பருப்பாப் போவுதுங்க டீச்சர். பஸ்சுக்காரன் நிக்காம வாரி எறைச்சுட்டுப் போறான். உங்க வண்டின்னா பதமா இருக்கும். ஒரு மூணு ரவுண்டு ஓட்டிட்டுப் போறீங்களா?” என்றார்.

எனக்கு ஒரே பெருமை. நான் ஓட்டுவதைப் பதம் என்று சொன்ன முதல் ஆள் அவர்தான். அன்றிலிருந்து கொள்ளுக் காலம் முழுவதும், பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கொடியின் மேல் முன்னால் போய், பின்னால் வந்து, மறுபடி முன்னால் போய் என்று மூன்று ரவுண்டு ஓட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். அடியில் கொடி சரசரவென்று உரசுகிற சத்தம் எனக்குப் பிடிக்கும். அக்கா கொடிக்கு முன்னால் வெறும் தாரில் ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்து முறத்தில் புடைத்துக்கொண்டிருப்பார். பஸ் சத்தம் கேட்டால் எழுந்து ஓரமாகப் போவார். என் கார் வந்தால் எழ மாட்டார். தலையைத் தூக்கிச் சிரித்துவிட்டுப் புடைப்பார். நான் அவருக்குப் பத்தடி முன்னால் நிறுத்தி, சுற்றிக்கொண்டு போய் கொடியில் ஏறுவேன். மூன்று வருடமாக இதுதான் வழக்கம்.

போன தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அதே இடத்துக்கு வந்தேன். சைக்கிள் வேகத்துக்குச் சற்றுக் கூடுதலாக வந்திருப்பேன். பிரேக்கை மிதித்தேன். பெடல் கீழே இறங்காமல் என் பாதத்தைத் திருப்பி உதைத்தது. கடகடவென்று அடியில் ஒரு சத்தம். கார் போய்க்கொண்டே இருந்தது. இன்னும் அழுத்தினேன், இன்னும் உதைத்தது. அக்கா தலையைத் தூக்கிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு அப்படியே இருக்க, முகம் மட்டும் வெளுத்தது. முறத்தைப் போட்டுவிட்டுப் பின்பக்கமாகச் சாய்ந்தார். முறம் டயருக்கு அடியில் படக்கென்று உடைகிற சத்தம் கேட்டது, அதற்குப் பிறகு கார் நின்றது.

கதவைத் திறக்கக் கை வரவில்லை. அக்கா கையை ஊன்றி எழுந்து, புடவையைத் தட்டிக்கொண்டு, என் ஜன்னல் பக்கம் வந்து, “ஒண்ணும் ஆவலீங்க டீச்சர், தண்ணி குடிங்க,” என்றார். சாகப் பார்த்தவர் அவர், தண்ணீர் குடித்தது நான்.

நான் வீடு வந்து சேருமுன் செய்தி வந்துவிட்டது. வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றார்.

“காலு மாறிப் போச்சா?”

“இல்லீங்க. பிரேக்கைத்தான் மிதிச்சேன். அது என் காலைத் திருப்பி உதைச்சுது.”

“பிரேக்கு உதைக்குமா? மாடா அது?”

மறுநாள் லீவு போட்டுவிட்டு அவரையும் கூட்டிக்கொண்டு அரூருக்குப் போனேன். அங்கே எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். ஐம்பது வயது தாண்டியவர், மூக்குக்கண்ணாடியை நெற்றிமேல் தூக்கிவைத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் நுழைபவர். டேப்லட் மாதிரி ஒரு ஸ்கேனரை ஸ்டியரிங்குக்குக் கீழே சொருகிப் பார்த்தார். பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் ஏபிஎஸ்ஸின் எச்சரிக்கை விளக்கு மீட்டரில் எரிந்ததா என்று கேட்டார். இல்லை என்றேன். பிறகு சேலம் ரோட்டில் ஓட்டிப் போய் நல்ல வேகத்தில் மூன்று தடவை ஓங்கிப் பிரேக் அடித்தார். மூன்று தடவையும் கார் சொன்ன இடத்தில் நின்றது.

“ஸ்கேனர்ல ஒரு ஃபால்ட்டும் இல்லீங்க டீச்சர். பிரேக்கு தங்கமாட்டம் இருக்குது,” என்றவர், என்னைப் பார்க்காமல் என் வீட்டுக்காரரைப் பார்த்து, “பதட்டத்துல சில பேருக்கு ஆக்சிலேட்டர் மேல காலு போயிருமுங்க. யாருக்கும் வர்றதுதான்,” என்றார்.

என் கால், நான் மிதித்தது, நான் பக்கத்திலேயே நிற்கிறேன். அதைப்பற்றி இரண்டு ஆண்கள் பேசி முடிவு செய்துவிட்டார்கள். திரும்பும்போது காரை மெக்கானிக்கே எங்கள் வீடுவரை ஓட்டிவந்து விட்டுவிட்டுப் பஸ் ஏறிப் போனார். சாவி வீட்டுக்காரர் சட்டைப் பைக்குள் போனது.

அடுத்த பத்து நாள் பஸ்ஸில் போனேன். அந்தப் பத்து நாளில் நடந்ததுதான் மிக மோசம். அவர்கள் சொன்னதை நானே நம்ப ஆரம்பித்தேன். மலை வளைவில் பஸ் திரும்பும்போது என் வலது கால் தானாகத் தரையை அழுத்தும். நான் அழுத்துவது பிரேக்கா, ஆக்சிலேட்டரா என்று யோசிப்பேன். அன்றைக்கு எதை அழுத்தினேன்? உதைத்தது நிஜமா, பயத்தில் நானே கற்பித்துக்கொண்டதா? பிள்ளைகள் ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டு “நான் சரியாத்தான் போட்டேன் டீச்சர்” என்று அழுவார்கள் இல்லையா, நானும் அவர்களில் ஒருத்தியோ என்று தோன்றியது. ஒரு பெண்ணைக் கொல்லப் போன கால் என்னுடையதா இல்லையா என்பது தெரியாமல் இனி எப்படி ஸ்டியரிங்கைத் தொடுவது என்று இருந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமையிலிருந்து பதினோராம் நாள், சனிக்கிழமை. காலையில் காபி குடித்துக்கொண்டே வீட்டுக்காரர், ஞாயிற்றுக்கிழமை அரூரிலிருந்து காரைப் பார்க்க ஆள் வருவதாகச் சொன்னார். விற்றுவிடலாம், உனக்கும் நிம்மதி எனக்கும் நிம்மதி என்றார். நான் சரி என்று சொல்லிவிட்டு, வருகிறவர்கள் பார்க்கக் கழுவி வைக்கிறேன் என்று சாவியை வாங்கினேன். அது பொய். எதற்காகச் சொன்னேன் என்று அப்போது எனக்கே தெரியாது.

காரை முதல் கியரில் ஊர்ந்து ஓட்டிக்கொண்டு வாரச் சந்தை மைதானத்துக்குப் போனேன். சனிக்கிழமை அங்கே ஆடு கூட இருக்காது. இரண்டு செங்கல் துண்டுகளை ஒரு கோடாக வைத்தேன். செருப்பைக் கழற்றினேன், வெறுங்காலில் மிதித்தால் எது எது என்று தப்பாகாது. நோட்டில் இரண்டு பத்தி போட்டேன்: நின்றது, நிற்கவில்லை. முதல் ஆறு தடவை வேகமாக வந்து ஓங்கி மிதித்தேன். ஆறும் நின்றது. உள்ளுக்குள் எனக்கு அழுகை வந்தது. ஏழாவது தடவை அழுகையோடு மெதுவாக வந்து, மெதுவாகவே மிதித்தேன். நிற்கப் போகிற நேரத்தில் பெடல் உதைத்தது. கடகடவென்று அதே சத்தம். கார் செங்கல்லைத் தாண்டிப் போய் நின்றது. குனிந்து பார்த்தேன். என் வெறுங்கால், ஐந்து விரலும், பிரேக்கின் மேல் இருந்தது.

சந்தோஷமில்லை, முதலில் வந்தது திகில்தான். இப்படிப்பட்ட ஒரு வண்டியில் தினமும் மலை இறங்கியிருக்கிறேன். பிறகு இன்னும் பதிமூன்று தடவை ஓட்டிப் பார்த்தேன். மெதுவாக வந்து மெதுவாக மிதித்த பதிமூன்றில் ஐந்தில் நிற்கவில்லை. நோட்டை மூடிவிட்டு, ஒரு வண்டிக்கும் கிட்டே போகாமல், ஹேண்ட் பிரேக்கில் ஒரு கையை வைத்துக்கொண்டே அரூர் போய்ச் சேர்ந்தேன். இப்போது நினைத்தால் அது எவ்வளவு முட்டாள்தனம் என்று தெரிகிறது.

மெக்கானிக் நோட்டை இரண்டு முறை படித்தார். நெற்றிமேல் இருந்த கண்ணாடியைக் கீழே இறக்கி மூன்றாம் முறை படித்தார்.

“மெதுவா வரப்ப மட்டுந்தானுங்களா?”

“மெதுவா வரப்ப மட்டும்தான் அண்ணா. நீங்க அன்னிக்கு வேகமாத்தான் ஓட்டினீங்க.”

அவர் ஸ்கேனரை எடுத்து வந்து சொருகினார். இந்தத் தடவை ஃபால்ட் பார்க்கவில்லை. நான்கு கட்டம் உள்ள ஒரு பக்கத்தைத் திறந்தார். நான்கு சக்கரமும் இப்போது என்ன வேகத்தில் சுற்றுகிறது என்று அந்த நான்கு கட்டம் காட்டும். அவர் ஓட்டுவார், நான் பக்கத்தில் உட்கார்ந்து எண்களைச் சத்தமாகப் படிக்க வேண்டும். கடைக்குப் பின்னால் இருந்த காலியிடத்தில் ஓட்டத் தொடங்கினார்.

இருபது, இருபது, இருபது, இருபது என்று படித்தேன். அவர் மெல்லப் பிரேக்கில் காலை வைத்தார். பதினாறு, பதினாறு, பதினாறு, பதினாறு. பன்னிரண்டு, பன்னிரண்டு, பன்னிரண்டு, பூஜ்யம்.

“என்னாது?” என்றார்.

“முன் இடது, பூஜ்யம்.”

ஓடிக்கொண்டிருக்கிற காரின் ஒரு சக்கரம் மட்டும் நின்றுவிட்டதாக அந்தக் கட்டம் சொன்னது. அதே நொடியில் கடகடவென்று அடியில் சத்தம் வந்தது. கார் அவர் நினைத்த இடத்தில் நிற்காமல் நகர்ந்து, சுவருக்கு இரண்டடி முன்னால் நின்றது. அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தார். முப்பது வருடம் வண்டி பார்த்தவர்.

“என் காலையும் உதைக்குதுங்க டீச்சர்,” என்றார்.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அங்கேயே, அவர் முன்னாலேயே அழுதேன். அவர் தண்ணீர் எடுத்து வந்து கொடுத்துவிட்டு, மன்னிப்பு என்று வாய்விட்டுச் சொல்லாமல் விளக்கம் சொல்லிக்கொண்டே இருந்தார். சக்கரத்துக்கு உள்பக்கம் பல் வைத்த ஒரு வளையம் இருக்கும். அதற்கு நேராக விரல் நீளத்துக்கு ஒரு சென்சார் நின்று, பற்கள் கடந்து போவதைக் கவனித்து வேகத்தைச் சொல்லும். நடுவில் மயிரிழை இடைவெளிதான். இடைவெளி கூடிவிட்டால் வேகமாகப் போகும்போது அதன் குரல் கேட்கும், மெதுவாகப் போகும்போது கேட்காது. ஏபிஎஸ் பெட்டி, அந்தச் சக்கரம் பூட்டிக்கொண்டது என்று நினைத்துப் பிரேக்கைத் தானாக விட்டுவிடும். வேகத்தில் சரியாகச் சொல்லிவிடுவதால் விளக்கும் எரியாது, ஃபால்ட்டும் பதியாது. எனக்குச் சட்டென்று புரிந்தது. வருகைப் பதிவு எடுக்கும்போது கடைசி பெஞ்சில் மெல்லிய குரலில் “உள்ளேன் டீச்சர்” என்கிற பிள்ளைக்கு எத்தனை தடவை ஆப்சென்ட் போட்டிருக்கிறேன்.

“அந்த இடைவெளி எதனால கூடுச்சு?” என்றேன்.

“அதத்தான் பாக்கோணும்,” என்று ஜாக்கி போட்டு முன் இடது சக்கரத்தைக் கழற்றினார்.

உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு கையை விட்டு எதையோ இழுத்தார், வரவில்லை. ஸ்குரூடிரைவரால் நெம்பினார். சக்கரத்தைச் சுழற்றுகிற தண்டைச் சுற்றி, அந்தப் பல் வளையத்தை ஒட்டி, மண்ணும் கிரீஸும் கலந்து இறுகிப்போன ஒரு வடம் இருந்தது. முறுக்கேறிக் கல் மாதிரி கெட்டியாகிவிட்டிருந்தது. சென்சாரின் முனையைத் தேய்த்துத் தேய்த்து, அதை ஒரு பக்கமாகத் தள்ளி வைத்திருந்தது. அவர் ஒரு துண்டை அறுத்து எடுத்து வெளிச்சத்தில் பிரித்தார். உள்ளே காய்ந்த நெற்று ஒன்று நசுங்காமல் இருந்தது.

“கொள்ளுக்கொடியாட்டம் இருக்குதுங்களே. இவ்வளவு எப்படிங்க சுத்துச்சு? ரோட்டுல ஒரு தடவ ஏறிப் போனா இவ்வளவு சுத்தாதே.”

மூன்று தை மாதம், தினமும் மூன்று ரவுண்டு. முன்னால், பின்னால், மறுபடி முன்னால். அந்தச் சரசரச் சத்தம். நானேதான் சுற்றி முறுக்கியிருக்கிறேன். அந்த அக்காவின் கொள்ளைக் கொண்டே, அந்த அக்காவுக்கு உதவி என்று நினைத்துக்கொண்டே, அவர் மேல் ஏறுவதற்கு மூன்று வருடம் ஏற்பாடு செய்திருக்கிறேன். கால் என்னுடையது இல்லை என்று அழுதவளுக்கு, கை என்னுடையதுதான் என்று தெரிந்தபோது அழுகை வரவில்லை. ஸ்டூலில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

“ஏங்க டீச்சர், மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுச்சு?” என்றார் மெக்கானிக். சொன்னேன். அவரும் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “இது எக்ஸாஸ்ட் பக்கம் சுத்தியிருந்தா வண்டியே பத்திக்கிட்டு எரிஞ்சிருக்குமுங்க,” என்று மட்டும் சொன்னார்.

அங்கிருந்தே வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். மெக்கானிக்கிடம் கொடுத்தேன், அவரே எல்லாவற்றையும் சொன்னார், தன் காலை உதைத்ததையும் சொன்னார். போன் திரும்ப என் கைக்கு வந்தது.

“அப்ப நாளைக்கு அவங்கள வர வேணாம்னு சொல்லிடட்டா?” என்றார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டது அதுதான்.

முனை தேய்ந்த சென்சார் இனி உதவாது என்பதால் புதியது சேலத்திலிருந்து பஸ்ஸில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாட்டினார். மறுபடி அவர் ஓட்ட, நான் படித்தேன். நான்கு கட்டத்திலும் பன்னிரண்டு, நான்கிலும் எட்டு, நான்கிலும் நான்கு, நான்கிலும் பூஜ்யம். அவர் என்னை ஓட்டச் சொல்லிவிட்டு, சுவருக்கும் காருக்கும் நடுவில் போய் நின்றார். வேண்டாம் என்று கத்தினேன். வாங்க டீச்சர் என்று கையை ஆட்டினார். போனேன். நின்றது. கொடியின் ஒரு துண்டைத் தாளில் மடித்து வாங்கிக்கொண்டேன்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டு மலை இறங்கினேன். நேர் ரோட்டில் கொடி பரப்பியிருந்தது. அக்கா அதே இடத்தில், அதே சாக்கில். உடைந்த முறத்தைக் கம்பி போட்டு இழுத்துக் கட்டியிருந்தார். நான் ரொம்ப தூரத்திலேயே காரை நிறுத்தி, அணைத்துவிட்டு, நடந்து போனேன். அவருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து தாளைப் பிரித்துக் காட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன், சக்கரம், வளையம், மூன்று ரவுண்டு. அவர் அந்தத் துண்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மோந்தார்.

“என் கொடியேதான் என்னக் கவுக்கப் பாத்துதா?” என்று சிரித்தார். “இந்த நாத்தத்துக்கு மாடு கூடத் தொடாது போங்க.”

நானும் சிரித்தேன். பத்து நாளுக்கு மேல் ஆகியிருந்தது சிரித்து.

“தப்பு என் மேலயும் இருக்குதுக்கா. நான் யோசிச்சிருக்கணும்.”

“நீங்க என்னாத்துக்கு யோசிக்கிறீங்க? நாந்தான கூப்புட்டேன். வேற வண்டின்னா எந்திரிச்சு ஓடிருவனுங்க. அன்னிக்கு ஏன் எந்திரிக்கலன்னா, வரது நீங்க. நீங்கன்னா நிறுத்திடுவீங்க.” கொடித் துண்டை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். “இப்ப சரியாப் போச்சுங்களா?”

“சரியாப் போச்சுக்கா. புதுசு மாட்டியிருக்குது. நாலும் ஒண்ணாக் காட்டுது.”

“நல்லதுங்க டீச்சர். பாத்துப் போய்ட்டு வாங்க.”

ரவுண்டு ஓட்டச் சொல்லி அவர் கேட்கவில்லை. நானும் ஓட்டுகிறேன் என்று சொல்லவில்லை. காருக்குப் போய் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிப் பக்கத்து சீட்டில் போட்டுவிட்டு ஸ்டார்ட் செய்தேன்.

என்ஜின் சத்தம் கேட்டதும் அக்கா முறத்தைக் கீழே வைத்தார். முழங்காலில் கையை ஊன்றி எழுந்தார். ரோட்டை விட்டு இறங்கி, வாய்க்காலைத் தாண்டி, வேலியோரம் போய் நின்றுகொண்டார். நடக்கிற வேகத்தில் நான் அவரைக் கடந்தபோது சிரித்துக் கையை ஆட்டினார், நானும் ஆட்டினேன். கார் வளைவு வரை போய்ச் சேர்ந்த பிறகு கண்ணாடியில் பார்த்தேன். அப்போதுதான் திரும்ப வந்து உட்கார்ந்தார்.